சத்தமில்லாமல் ஓடிய நெஞ்சு

இஞ்சின் பாஸின் கராஜை விட்டு, தோளில் பையோடு கற்பிட்டி வீதியில் நடந்துகொண்டிருந்தேன். கரையோரத்துப் போட் இஞ்சின்களையெல்லாம் திருத்திவிட்டு, தன் நெஞ்சையும் தானே திருத்தப் பார்த்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். "டொக்டர் தந்த குளிசையைப் போடுங்க பாஸ்" என்றேன், வேலை போனது. வேலை போவது எனக்குப் புதிதல்ல.

அவருக்கு இதய வால்வு மாற்றும்போது டொக்டர் இரண்டு வகை சொன்னாராம். மாட்டின் இதய உறையில் செய்தது நாளடைவில் தேயும். இறுகிய ஒருவகைக் கரியில் செய்தது தேயாது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்கக் குளிசை.

"கரி எவ்வளவு காலம் ஓடும்?"

"உங்களை விடக் கூடக் காலம்."

"அப்ப அதையே பூட்டுங்க. நான் மௌத்தானதும் கழட்டி என்ட போட்டுக்குப் போடலாம்."

அதன்பிறகு அவருக்கு முன்னால் அவருடைய சத்தம் வரும். டிக், டிக். பள்ளிவாசலில் பக்கத்து ஆள் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார். ஸ்குரூட்ரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது எங்கள் தொழில். அதையே பாஸ் தன் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொல்வார். "தட்டுதுடா. புது இஞ்சின், இன்னும் பழகல்ல."

குளிசையால் கைக்கீறலில் இரத்தம் நிற்காமல் இஞ்சின் அழுக்காகிறதென்று அதை நிறுத்தியிருந்தார்.

வீதியில் எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பாஸ்தான். நாலடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது, முகத்திலோ வெற்றி.

"கேட்டுப் பாருடா. குளிசையை நிப்பாட்டினேன், தட்டுற சத்தமும் போயிட்டு. இப்பதான் பழகி இரிக்கி."

பையிலிருந்த ஸ்குரூட்ரைவரை எடுத்து வைத்துக் கேட்டேன். ஈரச் சாக்குக்குள் யாரோ தட்டுவதுபோல் இருந்தது.

"பாஸ், சத்தமில்லாட்டி நல்ல இஞ்சினா?"

"ஓம், பின்ன?"

"நிண்டுபோன இஞ்சினுக்கும் சத்தமில்லைதானே?"

பாஸ் யாருக்கும் கொடுக்காத மோட்டார் சைக்கிள் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வால்வின் இரண்டு கதவுகளில் ஒன்று இரத்தக்கட்டியில் சிக்கி அசையவில்லை. கரைக்க மருந்து ஏற்றினார்கள்.

"துருவா டொக்டர்?"

"கரி துருப்பிடிக்காது. குளிசை போடாத ஆளுக்குத்தான் துரு."

மறுநாள் காலை வார்டில் ஸ்குரூட்ரைவரைத் தாதி பறித்துக்கொண்டார். வெறுங்காதை நெஞ்சில் வைத்தேன். டிக், டிக்.

"தட்டுதா?"

"தட்டுது பாஸ்."

"அப்ப வேலைக்குச் சேரு. காலையில முதல்ல எனக்குக் குளிசை தரணும், பிறகு இதைக் கேக்கணும். இஞ்சினெல்லாம் பிறகுதான்."

எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. இதில் அந்தச் சத்தம் உள்ளவரை நிற்பதென்று, காதை எடுக்காமலே சம்மதித்தேன்.