களைத்த பெண்ணுக்கு ஏழாம் கூடத்தில் கிடைத்த மரியாதை

உழைத்துக் களைத்தவர்களை ஒரு நாகரிகம் எப்படிப் போற்றுகிறது என்று தெரிந்துகொள்ள உலகம் ஏதென்ஸுக்குத்தான் வர வேண்டும். குறிப்பாக, எங்கள் அருங்காட்சியகத்தின் ஏழாம் கூடத்துக்கு. அங்கே ‘களைத்த பெண்’ என்ற பளிங்குச் சிலை இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் வயது. உட்கார்ந்த கோலம். அதற்கு எப்போதும் இருபத்தோரு டிகிரி இதமான சூடு, மெல்லிய விளக்கு, முழங்கால் விரிசலை ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்க ஒரு ‘நிபுணர்’.

சிலைக்குக் காவல் எவாந்தியா. வயது அறுபத்து நான்கு. ஓய்வுபெற மூன்று ஆண்டு பாக்கி. அவள் முழங்காலிலும் கோளாறு உண்டு. ஆனால் அது இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால் தொல்லியல் துறையின் வரம்புக்குள் வராது. நாற்காலி கேட்டுப் பதினொரு மனு போட்டாள். ‘காவலர் அமர்ந்தால் தொன்மையின் கம்பீரம் குன்றும்’ என்று பதினொரு முறையும் முத்திரையோடு பதில் வந்தது. பதில் போடுவதில் எங்கள் துறையைக் குறை சொல்லவே முடியாது.

அவளுடைய தலையாய கடமை, சிலைக்குப் பக்கத்தில் யாரும் போஸ் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது. சிலையைப் படம் எடுக்கலாம். சிலை மாதிரி கையைக் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் அது முன்னோருக்கு அவமரியாதை. நாங்கள் பொறுக்க மாட்டோம். “போஸ் குடுக்காதீங்க!” என்று எவாந்தியா போடும் சத்தத்தில், வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஸ்பீரோஸ் இன்றைக்கும் திடுக்கிடுகிறான்.

மார்ச் மாதம் களைத்த பெண் ஒரு கண்காட்சிக்காக வியன்னாவுக்குப் பயணமானாள். மெத்தை வைத்த பெட்டி, துணைக்கு இரண்டு அதிகாரிகள். ஏழாம் கூடத்தில் வெறும் பீடம் மிஞ்சியது. அதைக் காவல் காக்க எவாந்தியா மிஞ்சினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முழங்கால் உயிரை எடுத்தது. பீடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, எந்திரி! டைரக்டர் பாத்தா மலை மேல இருக்கிற கோயிலுக்குத் தூக்கிப் போட்டுருவாரு. முந்நூறு படி!” என்று ஸ்பீரோஸ் பதறினான்.

“எந்திரிக்க மாட்டேன்னா சொல்றேன்? காலு கேக்கணுமேடா.”

அவன் வாசலுக்கு ஓட, பாத்ராஸ் ஊரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாற்பது பேர், சிலைகளை விளக்கிச் சொல்லும் காதுக்கருவியோடு உள்ளே வந்தார்கள். சிலை ஊருக்குப் போன செய்தியைக் கருவிக்கு யாரும் சொல்லவில்லை. ‘இந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் களைப்பைக் கவனியுங்கள்’ என்று அது உருகியது. கவனித்தார்கள்.

“ஐயோ, கால் வீக்கத்தைக்கூட விடலை பாருங்க!”

“அதென்ன நீலச் சட்டை? சாயம் போகவே இல்லையே?”

“அந்தக் காலத்துல சிலைக்கெல்லாம் சாயம் பூசுவாங்க சார். நீங்கதானே வரலாறு எடுத்தீங்க?”

ஓர் அம்மாள் வாய்விட்டு அழுதார். முப்பது வருஷத்தில் தன் காலுக்காக ஒருவர் அழுவதை எவாந்தியா முதல்முறையாகப் பார்த்தாள். அசையாமல் இருந்தாள். அப்படியே பிழைத்தும் இருப்பாள். ஆனால் வரலாற்று ஆசிரியர் பக்கத்தில் வந்து, அவளைப் போலவே முழங்காலில் கை வைத்துக் குந்தி, கேமராவைப் பார்த்து இளித்தார்.

“போஸ் குடுக்காதீங்க!” என்றது சிலை.

நாற்பது பேரும் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். டைரக்டர் ஓடி வந்தார்.

மறுவாரம் ஐவர் குழு விசாரணைக்கு உட்கார்ந்தது. குற்றச்சாட்டு: தொல்பொருளைப் போல் போஸ் கொடுத்தது.

“போஸ் குடுக்கல சார். கால் வலிச்சுது, உக்காந்தேன்.”

“நாப்பது பேர் உருகியிருக்காங்க, எவாந்தியாம்மா. சும்மா உக்காந்தா யாராவது உருகுவாங்களா?”

“நிக்கும்போது யாரும் உருகலை சார். உண்மைதான்.”

குழு ஒருமனதாக எழுதியது: ‘களைப்பு இவ்வளவு தத்ரூபமாக இருந்தால் அது நடிப்பாகத்தான் இருக்க முடியும். மலைக்கோயிலுக்கு மாற்றல்.’

எவாந்தியா தீர்ப்பை நின்றபடியே கேட்டாள். அறையில் ஆறாவதாக ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அருங்காட்சியகத்தின் முதல் டைரக்டர் உட்கார்ந்த நாற்காலி அது. அதற்கு வலி வந்துவிடக் கூடாதென்று யாரும் உட்காராதபடி குறுக்கே கயிறு கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள்.