கடைக்காரன் கொண்டுவந்த கோடித்துணி

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

என் கூடப் பிறந்த தங்கை ரத்தினம்மாவுக்கு அண்ணன் சம்பங்கி தன் கையாலேயே எழுதுவது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீ அங்கே பூதிகோட்டையில் கோபத்தோடு இருப்பதாகப் பக்கத்து வீட்டு நாகேஷ் சொன்னான். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் கறவை மாட்டுக்கும் என் விசாரிப்பு. இதை உனக்குப் படித்துக் காட்டும் உன் மருமகள் மமதாவுக்கு என் ஆசீர்வாதம். அம்மா மமதா, நிதானமாகப் படி. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். உன் மாமியார் நடுவில் எழுந்து போனால் கதவைச் சாத்திவிட்டுப் படி.

போன் செய்தால் நான் வாயைத் திறக்குமுன் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். சாயங்கால வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். முதுகு ஒடிகிறது, விரல் மரத்துப்போகிறது, ஆனாலும் ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

நடந்தது என்ன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என்னோடு ஒரே ஷிப்டில் தங்கச் சுரங்கத்தில் இறங்கின எதிர்வீட்டு ஏசுபாதம் போன மாதம் காலமானான். அவன் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வந்து சேருவதற்குள், ஜோஸ் என்பவருடைய நல்லடக்க சேவைக் கடையிலிருந்து ஆட்கள் வந்து பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, மாலை, வண்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. நம் அப்பா சாவில் பாடைக்கு மூங்கில் வாங்கப் போனவர்கள் மறுநாள் தள்ளாடிக்கொண்டு வந்ததை நினைத்துக்கொண்டேன். என் மகன் திலீப்போ விடியுமுன் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு வந்து, சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுகிறவன். நான் எந்தக் கிழமையில் செத்தாலும் அவனுக்கு இடைஞ்சல்தான். அவனுக்கு எதற்குத் தொல்லை, நாமே சொல்லி வைத்துவிடலாம் என்று அந்தக் கடைக்கு நடந்தேன்.

கடையில் லவினா என்றொரு பெண் இருந்தாள்.

"யாருக்கு தாத்தா?"

"எனக்குத்தாம்மா."

"பாடி எங்க இருக்குது?"

"உன் முன்னாலதான் நின்னுக்கினு இருக்குது. ஒரு நாற்காலி போடு, கால் வலிக்குது."

நாற்காலி போட்டாள். ஒரு தாளை நீட்டி, கைநாட்டுக்கு மை டப்பாவையும் நீட்டினாள். நான் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது, ரத்தினம்மா. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று வரிக்கு வரி கேட்டிருந்தார்கள். எழுத இடம் விட்டிருக்கிறார்களே, சும்மா விடுவானேன் என்று எல்லாவற்றுக்கும் 'வேண்டும்' என்று எழுதினேன். பேண்டு வாத்தியம் வேண்டும். பஜனை வேண்டும். சிலுவை வேண்டும். மாதா கோயில் பாட்டுக் குழு வேண்டும். பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணி வேண்டும். லவினா சாப்பிடப் போய்த் திரும்பி வந்தாள், நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தேதி என்று ஓர் இடம். எதை எழுதினாலும் அன்றைய தேதியைப் போடவேண்டும் என்பது எங்கள் வகுப்பு டீச்சரின் கட்டளை. போட்டேன். அது அடக்கம் செய்யும் தேதி என்று எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாட்டு மயக்கத்தில் அந்தப் பெண்ணும் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டாள்.

வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து நான் வீடு வந்து சேருவதற்குள் ஐஸ் பெட்டி வந்து சேர்ந்திருந்தது. பந்தல் போட்டாயிற்று. நாற்காலி எல்லாவற்றிலும் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குத்தான் இடமில்லை. கடை ஆள் ஒருவன் என் கையைப் பிடித்து, "பெரியவரே, ஓரமா நில்லுங்க, பாடி வர்ற நேரம்" என்றான். நாகேஷ் அதற்குள் உனக்குப் போன் செய்து முடித்திருந்தான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்றால், "ஐஸ் பொட்டி வந்துச்சு, உங்களக் காணோம். நான் இன்னா மாமா நினைக்கறது?" என்கிறான். பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கப்பா என்று கெஞ்சினேன். முதலாளி கோலாருக்குப் போயிருக்கிறார், அவர் சொல்லாமல் எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். பாட்டுக் குழு ஒரு பக்கம், பஜனைக்காரர்கள் ஒரு பக்கம். வந்தவர்களை எப்படி நிறுத்தச் சொல்வது? இரண்டையும் கேட்டேன். ஓய்ந்துபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அங்கே ஒரே குளிர். தட்டில் ஒரு புதுத்துணி இருந்தது, எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அப்போதுதான் நீ வந்தாய். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, அக்குளில் ஒரு புது வேட்டியை இடுக்கிக்கொண்டு வந்தாய். என்னைப் பார்த்ததும், "அடப்பாவி, உயிரோடதான் இருக்கியா!" என்று கட்டிப்பிடித்து அழுதாய். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். அப்புறம் உன் கை அந்தத் துணியில் பட்டது.

"இது யார் போட்ட கோடி?"

"கடைக்காரன் கொண்டாந்தது. குளுருதுன்னு..."

"கூடப் பொறந்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். காசு வாங்கிக்கினு எவனோ உனக்குக் கோடி போடுவானா? அப்ப நான் யாரு, வேடிக்கை பாக்க வந்தவளா?"

"சரி, கோவிச்சுக்காத. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

"சாவு வூட்டுல நான் கை நனைக்கமாட்டேன்."

"செத்தவனே சாப்புடறேன், உனக்கு இன்னா?"

தெருவே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. வேட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாய்.

படுத்துப் படுத்து யோசித்தேன். நீ சொன்னது சரிதான். பந்தலும் நாற்காலியும் கடையிலிருந்து வரலாம். எல்லாமே கடையிலிருந்து வந்துவிட்டால், அழுதுகொண்டு வருகிறவர்கள் வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? அதனால் எல்லாவற்றையும் ரத்து செய்யப் போகிறேன். அந்த வேட்டியைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் வை. மூத்தவன் நான், முன்னால் போவது நான்தான். நீதான் வந்து அதை என்மேல் போர்த்தவேண்டும். அதுவரைக்கும் நீ திடமாக இருக்கவேண்டும். என்னோடு பேசவும் வேண்டும்.

உன் வீட்டில் அடுப்பும் தொழுவமும் நிறைந்திருக்கட்டும். மாப்பிள்ளையின் இருமல் விடட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் சம்பங்கி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பே கடைக்குப் போய்வந்துவிட்டேன். ஜோஸ் தங்கமான மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ரத்து செய்கிற வழக்கம் இல்லையாம், வேறு பெயருக்குத்தான் மாற்றித் தருவாராம். திலீப் பெயரைச் சொல்ல வாய் வருமா? உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். கத்தாதே, மமதா பாவம். கோடித்துணியை மட்டும் அடித்துவிடச் சொன்னேன். பிறந்த வீட்டுக் கோடியை உனக்கு நான் அல்லவா கொண்டுவரவேண்டும்? உனக்கு நான் கோடி போர்த்துவேன், எனக்கு நீ போர்த்துவாய் என்று லவினாவிடம் விளக்கிச் சொன்னேன். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்ப யார் தாத்தா மொதல்ல?" என்று கேட்டாள். தங்கச்சியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். சீக்கிரம் ஒரு பதில் சொல்.