மாமனாரின் வீட்டோட மாப்பிள்ளை

மருமகனைச் சாணி அள்ள வைத்துவிட்டு, அதே மருமகனுக்கு ராஜ மரியாதையும் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மலேசியாவில், காஹாங் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மருமகன் ஒரு குட்டி டிராக்டர்.

அவருடைய உண்மையான பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. 'மாமனார்' என்று எழுதினால் தபால்கூடச் சரியாக வந்து சேரும். மனைவியை இழந்தவர். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கொஞ்சம் மாடு, கொஞ்சம் ஆடு. ஒரே மகள் கஸ்தூரிக்குச் சிங்கப்பூரில் வேலை. "எனக்கு வீட்டோட மாப்பிள்ளைதான் வேணும். கொட்டாய்க்கு ஓர் ஆம்பளை வேணாமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கஸ்தூரி, ஏதோ ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டாமென்று கழித்த, மேலே உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் சிவப்பு டிராக்டரை வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

"இந்தாங்கப்பா, நீங்க கேட்ட மாப்பிள்ளை. சோறு கேக்காது, சண்டை போடாது" என்று போனில் சொன்னாள்.

அவள் கேலிக்குச் சொன்னாள். அவர் ஆரத்தித் தட்டோடு லாரிக்கு எதிரே போய் நின்றார்.

வண்டி என் இடுப்பு உயரம்தான் இருக்கும். பச்சைப் புல்லின்மேல் நோகாமல் ஓடிப் பழகிய உடம்பு. அதன் முன்னால் ஒரு பலகையைப் பொருத்திக் கொட்டகைச் சாணியை வழித்துத் தள்ளினார் மாமனார். பின்னால் டிரெய்லரை மாட்டி, எருவைச் செம்பனை மரங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். மழைக்காலத்தில் கொட்டகைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்குச் சேறும் மூத்திரமும் தேங்கிவிடும். காக்கைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்தச் சுண்டைக்காய் வண்டி அதற்குள்ளே டுபுடுபுவென்று நுழைந்து, உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, முழுச் சுமையோடு மறுபக்கம் வெளியே வரும். நான் வேலியோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். சக்கரம் தெறிக்கும் இடத்தில் வாயைப் பிளக்கக் கூடாது என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

ஏறி உட்காரும்போதெல்லாம், "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்று தொட்டுக் கும்பிடுவார். வந்த முதல் வருடம் தலைத் தீபாவளி. விடியற்காலையில் பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றினார், அதுதான் எண்ணெய்க் குளியல். பிறகு முன்பக்கத்துக்குப் பட்டுத் துண்டு, இருக்கையில் ஒரு தட்டு முறுக்கு. ஒரு தடவை பழுது பார்க்க வந்த சீன மெக்கானிக், காற்று இருக்கிறதா என்று டயரைக் காலால் உதைத்துவிட்டார். "அலமாக்! மாப்பிள்ளையக் காலால உதைக்கிறதா? காலை எடு லா!" என்று மாமனார் போட்ட சத்தத்தில், அதற்குப் பிறகு அந்த மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரையே தொட்டார்.

"இவ்வளவு மரியாதை குடுக்குறீங்க, அப்புறம் ஏண்ணே சாணி அள்ள விடுறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டோட மாப்பிள்ளை லா, தங்கச்சி! சும்மா உக்கார வச்சுச் சோறு போட முடியுமா?"

கஸ்தூரிக்கு இரண்டு இடம் வந்தது. வீட்டைப் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனது. "என்னாலதான் தங்கச்சி, புள்ள தனியா நிக்குது" என்று ஒரு நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு கஸ்தூரியே ஒருவரை விரும்பி, ஜொகூர் பாருவிலிருந்து அவரும் அவருடைய அம்மாவும் பேச வருவதாக ஏற்பாடு. மாமனார் பக்கத்து டவுன் குளுவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாம் என்று துடித்தார். கஸ்தூரி மசியவில்லை.

"நம்ம வீட்டைப் பாக்கட்டும்பா. பிடிக்கலன்னா போகட்டும்."

அன்று மாமனார் மாடு இருமுகிற அளவுக்குச் சாம்பிராணி போட்டார். பிறகு டிராக்டரைப் புல்கட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடினார். "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, ஒரே ஒரு நாள்" என்று அவர் முணுமுணுத்தது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

பிடித்தது மழை. மாப்பிள்ளை வீட்டு வேன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் சேற்றில் இறங்கிவிட்டது. பையன் இறங்கித் தள்ளினார். வேன் அசையவில்லை, அவர்தான் தொடைவரை உள்ளே போனார். பட்டுப் புடவையோடு அம்மா வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியில் நின்ற மாமனார் வேனைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். கஸ்தூரி சாவியை நீட்டினாள்.

வேனை இழுக்கிற சக்தி அந்த வண்டிக்குக் கிடையாது. ஆளை ஏற்றி வரலாம். டிரெய்லரில் வாழையிலையைப் பரப்பிக்கொண்டு போய் நிறுத்தினார். பின்னாலேயே நானும் ஓடினேன். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன வாசனைண்ணே?"

"எரு வண்டிங்க. இந்தச் சேத்துல வேற எதுவும் வராதுங்க."

சொல்லிவிட்டு ஏறியவர், பழக்க தோஷத்தில், "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டார்.

"பரவால்ல மாமா" என்றார் சேற்றிலிருந்து பையன்.

"வண்டியத் தொட்டுல்ல சொன்னீங்க?" என்றார் அந்த அம்மாள்.

பையனைத்தான் சொன்னேன் என்று சமாளித்திருக்கலாம். மாமனாருக்குப் பொய் வரவில்லை. "ஆமாங்க. இவருதான் எங்க வீட்டோட மாப்பிள்ளை. எம்மவ வாங்கிக் குடுத்தது. என் கொட்டாயவே இவருதான் காப்பாத்துறாரு."

கல்யாணம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் வண்டியின்மேல் வழிகிற மழையைப் பார்த்தார். தன் குடையை மகனிடம் நீட்டினார். "ஏன்டா மரமாட்டம் நிக்கிற? மூத்த மாப்பிள்ளை நனையிறாரு பாரு. குடையைப் பிடி!"

பையன் சேற்றில் தடுமாறிக்கொண்டே இன்ஜினுக்குக் குடை பிடித்து நடந்தார். பின்னால் எரு வண்டியில் அம்மா நனைந்துகொண்டு கம்பீரமாக வந்தார். நடுவில் மாமனார் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்!

இப்போதும் தீபாவளிக்கு முதல் எண்ணெய் மூத்தவருக்குத்தான். சின்ன மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கொண்டு, நடுங்கியபடி தன் முறைக்குக் காத்திருப்பார். காலையில் அந்த டுபுடுபு சத்தத்தில் ரேடியோகூடக் கேட்க முடிவதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறேன். போன வாரம் ஒரு நாள் சத்தமே இல்லை. மூத்தவருக்கு என்ன ஆயிற்றோ என்று கோப்பியை அப்படியே வைத்துவிட்டு வேலிக்கு ஓடினேன்.