ஏரிக்கு முதுகு காட்டியவர்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் புறாக்களுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் உயிரினம் எது தெரியுமா? 'கனடா போய்வந்தவர்'. மெத்ரோவில் இறங்கி, மரக்கறிக் கடைகளைத் தாண்டி, எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் ஒருவர் அகப்படுவார். பிழை. நீங்கள்தான் அவரிடம் அகப்படுவீர்கள்.

அடையாளம் காண்பது சுலபம். ஆடி மாத வெக்கையிலும் மேப்பிள் இலை போட்ட தொப்பியைக் கழற்றமாட்டார். பாரிசில் பனி கொட்டினால், "இதெல்லாம் ஒரு பனியோ?" என்பார். செய்ன் நதியைக் காட்டினால், "எங்கடை கனடாவிலை இதை வாய்க்கால் எண்டுதான் சொல்லுவினம்" என்பார். எங்கடை கனடா! மனிதர் குடியிருப்பது பாரிசின் புறநகரான பியர்ஃபித்தில்.

எனக்கு வாய்த்தவர் மகாலிங்கம் அண்ணை. ரொறன்ரோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரிக்கரையில், பரி என்ற நகரத்தில் அவருடைய தம்பி இருக்கிறார்.

"வருசம் முழுக்க விளையாட்டுத்தான் அங்கை. கோடையிலை படகு, நீச்சல். இலை கொட்டேக்கை காட்டுக்குள்ளை நடை. மாரியிலை பனிச்சறுக்கு. ஏரி உறைஞ்சால் ஓட்டை போட்டு மீன் பிடிக்கலாம்!"

ஏரியை வெட்டியதே தான்தான் என்பதுபோல் சொல்வார். உண்மை என்ன? நாலு பருவத்திலும் போனார், நாலு பருவத்திலும் சாப்பிட்டார். நம்மவர் கனடா போனால் மாமி வீடு, மச்சாள் வீடு, ஊரில் பக்கத்து வளவில் இருந்தவருடைய மகன் வீடு என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கவேண்டும். ஒரு வீடு தவறினாலும் "எங்கடை வீட்டை மட்டும் வரேல்லை" என்ற மனத்தாங்கல் அடுத்த விமானத்திலேயே பாரிசுக்கு வந்துவிடும். வீட்டுக்கு வீடு புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, பிறகு கல்யாண வீடியோ. ஏரி? அது ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கார்க் கண்ணாடியில் தெரியும். ஒரேயொருதரம் கரையில் இறங்கினார். இறங்கி, ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று லா சப்பலுக்கு வீடியோ அனுப்பினார்.

பாவம், அவர் மனைவி மிருணாளினி அக்கா. அவருக்குத் தொப்பியும் வேண்டாம், புட்டும் வேண்டாம். அந்த ஏரியில் ஒருதரம் படகில் ஏறவேண்டும். போனபோதெல்லாம் கேட்டார்.

"இஞ்சேரும், இன்னும் ஒரு வீடு இருக்கெல்லே? வரேக்கை பாப்பம்" என்பார் அண்ணை.

வரும்போது இருட்டிவிடும்.

கடைசியாகப் போனது மாசி மாதம். ஏரி கல்லாய் உறைந்து கிடந்தது. படகுக்கு எங்கே போவது? அண்ணை கரையோரம் காரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு வழி கேட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்தார். விறுவிறுவென்று ஏரிமேல் நடந்தே போய்விட்டார். அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தூண்டிலைக் கையில் கொடுக்க, ஒரு மீனையும் பிடித்துவிட்டார்.

அந்த மீன் லா சப்பலுக்கு வந்ததும் அண்ணையுடைய மீனாகிவிட்டது. சொல்லச் சொல்ல வளர்ந்தது. ஒருநாள் அது முழங்கை நீளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அக்கா மரக்கறிப் பையோடு கடைக்குள் வந்தார். அண்ணை கவனிக்கவில்லை.

"அண்ணை, கை விறைக்கேல்லையோ?" என்று கேட்டார் கடைக்காரர் றொபின்சன்.

"விறைச்சதுதான். விடுவனோ நான்?"

"நீங்கள் காருக்குள்ளை எல்லோ இருந்தனியள்!" என்றார் அக்கா. "கோடைக்கு நான் தனியப் போறன். படகிலை ஏறப் போறன். ஒருத்தற்றை வீட்டையும் போகமாட்டன்."

"ஐயோ, சனம் என்னப்பா சொல்லும்?"

"சொல்லட்டும். நீங்கள் இஞ்சை இருந்து மறுமொழி சொல்லுங்கோ."

சொன்னபடியே போனார். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! ஆடி மாதம், அதே கடையில், அண்ணையின் கைபேசிக்கு வீடியோ அழைப்பு வந்தது. அக்காவின் முகத்தைக் காணோம். திரை முழுக்கத் தண்ணீர். நீலமாய், வெயில் பட்டு, கரையே தெரியாமல். படகு ஆடியது. அக்கா சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கனடாவைக் கரைத்துக் குடித்த மகாலிங்கம் அண்ணை தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது எந்த இடமப்பா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைபேசியிலுள்ள பயணப் படங்களை ஒருதரம் தள்ளிப் பாருங்கள். கடலோ, மலையோ, ஐஃபெல் கோபுரமோ, எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?