தள்ள வந்தவர்

"ஐயா, எழுந்திருக்காதீங்க. எங்கே போகணும்னு மட்டும் சொல்லுங்க."

ஓய்வுபெற்ற கண்டக்டர் அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான். மருத்துவமனையில் தொண்டு செய்ய வந்த முதல் நாள். 'உங்களைத் தாங்கிப் பிடிக்கவே ஒரு ஆள் வேணும்' என்று மனைவி சிரித்ததற்காகவே வந்தவர். பெண்கள் வார்டிலிருந்து ஒரு நோயாளியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். காலி நாற்காலியோடு சரிவுப் பாதை ஏறியதிலேயே முழங்கால் பிடித்துக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வார்டு வாசலில் உட்கார்ந்தார். பெஞ்சில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"எக்ஸ்ரே ரூமுக்கும்மா. ஆனா நான்..."

"பேசினா இன்னும் மூச்சு வாங்கும்." நாற்காலி நகர்ந்தது.

"நான் நோயாளி இல்லம்மா! எனக்கு உடம்புல ஒரு குறையும் கிடையாது."

"எங்க வீட்டுக்காரரும் ஐசியூல படுத்துக்கிட்டு இதையேதான் சொன்னார்."

நடந்தே காட்டிவிடலாம் என்று சட்டென எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அம்மாள் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து வேகத்தைக் கூட்டினார். காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தார் கண்டக்டர். செருப்புதான் நின்றது.

இப்போது அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாகிவிட்டது. இவர் தன்னைவிட எவ்வளவு மூத்தவர்! இவரும் தொண்டு செய்ய வந்தவர்தான் போலிருக்கிறது. அப்படி என்னதான் சாப்பிடுகிறாரோ?

"உங்களுக்கு வயசு என்னம்மா?"

"எழுபத்தொன்பது. உங்களுக்கு எண்பத்தஞ்சு இருக்குமா?"

அறுபத்தாறு வயதுக்காரர் அவசரமாக நரைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார்.

எக்ஸ்ரே அறை வாசலில் நீண்ட வரிசை. "வழி விடுங்க! பெரியவர் துடிக்கிறார்!" அம்மாள் போட்ட அதட்டலில் வரிசை இரண்டாகப் பிளந்தது. நாற்காலி நேராக உள்ளே போய் நின்றது.

"எந்தக் காலுங்க?" என்று கேட்டார் எக்ஸ்ரே எடுப்பவர்.

"எந்தக் காலும் இல்லைங்க!"

"ரெண்டுமேதான். சொல்லக் கூச்சப்படறார்" என்றார் அம்மாள்.

இரண்டு பேர் கண்டக்டரைத் தூக்கி மேசையில் கிடத்தியபோது, வார்டு நர்ஸ் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். வந்தவள் கண்டக்டரைப் பார்க்கவே இல்லை. அம்மாளின் கால்களையே வெறித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியலைன்னு அழுதீங்களேன்னுதானே ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து பெஞ்சுல உட்கார வச்சோம்? இவரை அனுப்பினதே உங்களைத் தள்ளிட்டு வரத்தான்!"