மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மனிதப் புரதம்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே எந்தப் பொருளையும் முழுதாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரே மனிதர் சொட்டு அக்காதான். விராலிமலையிலிருந்து அவருடைய அம்மா பெரிய ஜாடியில் ஊறுகாய் கொடுத்தனுப்புவார். திருக்கோகர்ணத்தில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்குள் அது நுழைந்த அரை மணி நேரத்தில் மருந்துக் குப்பிகளில் அடைபட்டுவிடும்.

கெட்ட செய்தியையும் அப்படித்தான், சொட்டுச் சொட்டாகச் சொல்வார். பேங்கில் வேலை பார்த்த சுமதியின் ஸ்கூட்டியை இரவல் வாங்கிப் போன அன்று, திரும்பி வந்ததும், "சுமதி, ஒன் வண்டிக் கண்ணாடி ஒடைஞ்சிருச்சு" என்றார். டீ குடித்த பிறகு, "முன்பக்கமும் கொஞ்சம் நசுங்கிருச்சு." சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, "வண்டியே இப்ப ஒர்க்‌ஷாப்புலதான் இருக்கு."

இந்தப் பழக்கம் ஆய்வகத்தில் தொற்றியது. டவுனில் ஒரு கல்லூரியில் அவர் ஆராய்ச்சி மாணவி. வெளிநாட்டிலிருந்து அவருக்கு ஒரு குப்பி வந்தது. உள்ளே ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படும் மனிதப் புரதம். உலர்ந்த நிலையில் வருவதால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. வெறும் குப்பி வந்திருக்கிறது என்று கல்லூரி அலுவலகம் திருப்பி அனுப்பப் பார்த்ததை அக்கா ஓடிப் போய்த் தடுத்தார். கரைத்ததும் எட்டுச் சின்னப் பிளாஸ்டிக் குழாய்களில் பிரித்து உறைய வைத்தார். மொத்தமாக வைத்து ஒவ்வொரு முறையும் உருக்கினால் கெட்டுவிடும் என்பது அவருடைய வேதம்.

அந்த மாதப் பராமரிப்பு மின்தடை கல்லூரிப் பக்கம் வந்தது. ஜெனரேட்டர் பழுது. புரதம் கெட்டால் அடுத்த குப்பி வந்து சேர மாதக்கணக்காகும். ஆய்வேட்டுக்கான கெடு அதற்குள் முடிந்துவிடும். அக்கா தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் விடுதிக்கு வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு செய்தியை மொத்தமாகச் சொன்னார்.

"ராணிம்மா, ஒங்க மீனுக்குப் பக்கத்துல இதை வச்சுக்கிறேன். மனுஷப் புரோட்டீனுங்க. கை வச்சுறாதீங்க."

சமையல் செய்யும் ராணிம்மா கரண்டியைக் கீழே வைத்தார். சுமதி தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

"எந்த மனுஷன்?" என்றார் ராணிம்மா.

"ஆளெல்லாம் இல்லீங்க. பாக்டீரியா செஞ்சது. இடியாப்பம் மாதிரி வச்சுக்கங்க. மாவு அதோடது, அச்சு மட்டும்தான் மனுஷனோடது."

"அந்த அச்சைக் குடுத்தது ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியலீங்க."

"எந்த ஊருன்னாச்சும் போட்டிருக்கா?"

"போடலீங்க."

"ஊரு பேரு தெரியாத ஆளைக் கூட்டியாந்து என் மீனுக்குப் பக்கத்துல படுக்க வைக்கிறியேத்தா!"

அக்கா குழாய்களை ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, இத்தனை நாள் அந்தக் கேள்வி தனக்குத் தோன்றாததை யோசிப்பவர்போல் நின்றார்.

பிற்பகலில், கரண்ட் வந்துவிட்டதா என்று கல்லூரிக்கு போன் செய்ய அக்கா வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது சமையலறை ஜன்னலோரம் ராணிம்மா நின்றிருந்தார். உள்ளங்கையில் ஒரு குழாய். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலயேத்தா. வெறும் தண்ணியால்ல இருக்கு."

சுமதியும் நானும் அசையவில்லை. அக்கா ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். மற்றவை கல்லாக உறைந்திருந்தன.

"ஒண்ணுதான எடுத்தீங்க?"

"ஒண்ணுதான் ஆத்தா. தூங்குறவுகளை எல்லாம் எதுக்கு எழுப்பணும்?"

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனோம். சிரித்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் பிரிச்சு வைக்கிறது" என்றார் எங்களிடம். கைச்சூட்டில் உருகியதை நம்பி இனிச் சோதனை செய்ய முடியாது. குழாயை ராணிம்மாவின் கையிலேயே மூடி வைத்தார். "இவரு இனி ஆராய்ச்சிக்கு ஆக மாட்டாரு. நீங்களே வச்சுக்கங்க."

மிச்சம் ஏழும் மாலையில் பத்திரமாகக் கல்லூரிக்குத் திரும்பின. சோதனை கைகொடுத்தது. கெடுவுக்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது, பட்டம் வந்தது, வெளியூரில் வேலையும் கிடைத்தது. அக்கா விடுதியைக் காலி செய்ததும் தவணை முறையில்தான். ஒரு வாரம் வாளி போனது, அடுத்த வாரம் தலையணை. கடைசியில் ஆளே போனது எங்களுக்குச் சட்டென்று உறைக்கவில்லை.

போன மாதம் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். ராணிம்மா ஃப்ரிட்ஜைக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் பொட்டலம் தரையில் கிடந்து நீர் விட்டுக்கொண்டிருந்தது. குழாய் மட்டும் எவர்சில்வர் டம்ளரில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இருந்தது.

"அது கெட்டுப்போய் எவ்வளவு நாளாச்சு ராணிம்மா? தூக்கிப் போடலாம்ல?"

"நம்ம பிள்ளை விட்டுட்டுப் போன ஆளு. வெளிய போடச் சொல்றியா?" என்றவர், டம்ளரில் இன்னும் இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டார்.