ஓடு வேய்ந்த மாட்டுக் கொட்டகை

உலகத்திலேயே உறுதியான வீடு எது என்று யாராவது கேட்டால், இன்னும் அனுமதி கிடைக்காத வீடுதான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். அது ஒழுகாது. விரிசல் விடாது. கறையான் அரிக்காது. எந்தப் புயலும் அதன் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகாது. குடிமக்களுக்குத் தந்தால் இப்படிப்பட்ட வீட்டைத்தான் தரவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, புதுக்கோட்டைச் சீமையில் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் இராப்பகலாக, அதாவது காலை பத்தரை மணி முதல் டீ வரும் வரை, உழைத்துவந்தது.

பஞ்சாயத்து யூனியன்கள் புதிதாக முளைத்திருந்த நேரம் அது. ஆபீஸ் திறப்பு விழாவில் பேசியவர்கள், “சமஸ்தானம் போய் இது உங்கள் ராஜ்யம் ஆகிவிட்டது. எதுவானாலும் எங்களைக் கேளுங்கள்” என்றார்கள். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆவாரங்குடிப்பட்டி அழகுமலை மட்டும் அந்தப் பேச்சையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். கடலை போடும் மனிதர். வானத்தை நம்பிப் பழகியவருக்குச் சர்க்காரை நம்புவது பெரிய காரியமில்லை.

அந்த வருஷம் ஆடிக்காற்றில் அவர் வீட்டின் பின்சுவர் விழுந்தது. கூரையும் பாதி போயிற்று. வேறு சமயமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்ட மகள் சொர்ணவல்லிக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். சம்பந்தி வீட்டார் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்: “மழை காலத்துல பச்சப்புள்ளைய எங்க போடுவீங்க? செவரும் கூரையும் சரியானாப் பொண்ண அனுப்புறோம். இல்லாட்டி இங்கயே பாத்துக்கிறோம்.” முதல் பிள்ளைப்பேற்றுக்கு மகளை அழைத்துவர முடியாத தகப்பன் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? அழகுமலைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவாரங்குடிப்பட்டியில் சுவர் விழுந்தால் மண்ணைக் குழைத்து மறுபடி எழுப்பிக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை. அழகுமலை வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு யூனியன் ஆபீசுக்குக் கிளம்பினார்.

“ஊருல இத்தன செவரு நிக்கிதே, எந்தச் செவரு ஆபீசுக்குப் போயிட்டு வந்துச்சு?” என்றாள் அவர் மனைவி செங்கமலம்.

“நம்ம சர்க்காருடி. நம்மளே போயிக் கேக்கலேன்னா அதுக்கு வேற யாரு மருவாத குடுப்பா?”

ஆபீசில் கட்டடங்களுக்கு அதிபதி ஓவர்சியர் ஆத்மநாதன். பண்பே உருவானவர். யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். ‘இல்லை’ என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து கேட்டவர் கிடையாது. ‘பாக்கலாம்’ என்பார். அந்த ஒரு சொல்லை நம்பிப் பலர் முதுமை எய்தியிருக்கிறார்கள்.

“பிளான் எங்க பெரியவரே?”

“இன்னம் கட்டலீங்களே.”

“கட்டுறதுக்கு முந்தி வரையறதுதாங்க பிளான்.”

“கொத்தனாரு தரையிலயே கயிறு புடிச்சுக் காட்டிட்டாருங்க. ஒரு நடை வந்தீங்கன்னாப் பாத்துரலாம்.”

“தரைய எப்படிங்க பைல்ல வைக்கிறது?”

கேள்வியில் இருந்த நியாயம் அழகுமலையை அசத்திவிட்டது. கீரனூருக்குப் பஸ் ஏறிப்போய், படம் போடத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் காகிதத்தில் வீடு வாங்கிவந்தார். ஆத்மநாதன் அதை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஜன்னல் ஒண்ணுதான் இருக்கு. காத்தோட்டம் பத்தாதே.”

“இப்பப் பின்பக்கம் செவரே இல்லீங்க. காத்தோட்டத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க.”

“அது சரி, அந்தப் பழைய செவர இடிக்க அனுமதி வாங்குனீங்களா?”

“நான் இடிக்கலீங்க. காத்து இடிச்சிருச்சுங்க.”

“காத்தா வந்து கையெழுத்துப் போடும்? அனுமதியில்லாம இடிஞ்ச செவருன்னு ஆகிப்போச்சு பாருங்க.” ஆத்மநாதனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “பாக்கலாம்.”

ஆவணி போயிற்று. புரட்டாசியும் வந்துவிட்டது. “அனுமதி பின்னால வரட்டும், நான் செவர எழுப்பிக்கிறேனுங்க” என்று அழகுமலை கெஞ்சிப் பார்த்தார்.

“மனுக் குடுக்காதவங்க கட்டுனா எங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க கட்டுனாத் தெரிஞ்சிருமே!” என்றார் ஓவர்சியர். நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அழகுமலை அங்கேயே மரப்பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆத்மநாதனும் பெண் பெற்றவர்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மனுஷன் குடியிருக்கத்தான் அனுமதி வேணும். மாடு குடியிருக்க வேண்டியதில்ல. மாட்டுக் கொட்டகைன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கே கட்டுங்க.”

“எங்கிட்ட உழவு மாடு ஒரு சோடிதாங்க. அதுகளும் வேப்பமரத்தடியிலயே பழகிப்போச்சுங்க.”

“மாடு இருக்கணும்னு விதியில சொல்லல. கொட்டகையா இருந்தாப் போதும்.”

விவசாயியிடம் சர்க்கார் கொண்டிருந்த பாசத்தை நினைத்து அழகுமலைக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை எழும்பியது. அன்னவாசலிலிருந்து வண்டியில் ஓடு வந்தது. நாலு சுவருக்கும் வெள்ளையடித்து, ஒரு கதவும், மூலையில் அடுப்பும், உத்தரத்தில் தொட்டில் கட்ட ஒரு வளையமும் வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் வந்து பார்த்துத் திருப்திப்பட்டு, சொர்ணவல்லியை விட்டுவிட்டுப் போனார்கள். அழகுமலை அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

இந்தச் சமயத்தில், நாட்டு மாடுகளின் தரத்தை உயர்த்துவதற்காக யூனியனுக்குச் சிந்தி என்ற உயர்ரக இனத்துக் காளை ஒன்று ஒதுக்கப்பட்டது. காளையோடு அதன் வசதிகளைப் பற்றிய உத்தரவும் வந்தது: ஓட்டுக்கூரை வேண்டும், வெள்ளையடித்த சுவர் வேண்டும், ஈரம் படாத தரை வேண்டும். அப்படி ஒரு கொட்டகைக்கு எங்கே போவது என்று ஆபீசே தலையைப் பிய்த்துக்கொண்டபோது ஆத்மநாதனுக்கு ஆவாரங்குடிப்பட்டி நினைவு வந்தது. மாட்டு டாக்டர் ரத்தினவேலைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

டாக்டர் உள்ளே நுழைந்து மெய்மறந்து நின்றார். “மாட்டுக்கு அடுப்பா?”

“கஞ்சி காய்ச்சிக் குடுக்குறதுங்க” என்றார் அழகுமலை.

“உத்தரத்துல வளையம்?”

“கன்னுக்குட்டி கட்டுறதுக்குங்க.”

“அம்புட்டு ஒசரத்துலயா?”

“கொஞ்சம் துள்ளுற கன்னுங்க.”

“இந்தப் பொண்ணு யாரு?”

“மாட்டப் பாத்துக்க வந்திருக்குங்க” என்றாள் செங்கமலம். நிறைமாதக்காரி சொர்ணவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் லாரியில் காளை வந்தது. கழுத்தில் மாலை. முன்னால் மேளம். ‘மாதிரிக் கொட்டகை’ என்று வாசலில் பலகை தொங்கியது. மனிதனுக்கு முன்னால் மாட்டைக் கவனிக்கும் நாடுதான் முன்னேறும் என்று ஒருவர் பேசினார். அழகுமலை ஆத்மநாதனை ஓரமாக இழுத்தார்.

“ஐயா, உள்ள நாங்க குடியிருக்கமுங்க!”

“மெதுவாப் பேசுங்க. குடியிருந்தா அது வீடு. வீடுன்னா அனுமதி இல்ல. அனுமதி இல்லேன்னா நாங்க இடிக்கணும்.”

“இடிக்கிறதுக்கும் அனுமதி வேணும்னீங்களே?”

“நாங்க இடிச்சா வேண்டாங்க.”

காளை உள்ளே போயிற்று. குடும்பம் வெளியே வந்தது. பழைய வீட்டின் பின்பக்கம் தென்னங்கீற்றைக் கட்டி மறைத்து, சொர்ணவல்லிக்குப் பாய் விரித்தார்கள். அவள் இப்போது சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் யாரிடமும் மனுக் கொடுக்காமலே வந்துவிட்டது. பிற்பகலில் பிடித்தது விடவில்லை. சொர்ணவல்லிக்கு இடுப்பு வலியும் அப்போதுதான் கண்டது. மருத்துவச்சி காத்தாயி வந்து பார்த்தபோது பாய்க்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீற்று ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது.

“இதுல வச்சுப் பாத்தா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. நனையாத எடமா ஒண்ணு காட்டு” என்றாள் காத்தாயி.

செங்கமலம் யாரையும் கேட்கவில்லை. நேரே போய்க் காளையை அவிழ்த்தாள்.

“அடியே, சர்க்கார் காளைடி!” என்று பதறினார் அழகுமலை.

“அங்க கத்துறது ஒங்க மகளா, இல்ல ஊரான் மகளா?”

அவர் மனைவியையும் பார்த்தார், கொட்டகையையும் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கயிற்றைத் தாமே வாங்கி, காளையை இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தில், தம் உழவு மாடுகளுக்குப் பக்கத்தில் கட்டினார். அனுமதி இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளிருந்து குழந்தையின் குரல் கேட்டது. பெண் குழந்தை. தாய்க்கும் குறைவில்லை என்று காத்தாயி சொன்னதும் அழகுமலை மழையில் நின்றபடியே ஓவென்று அழுதுவிட்டார்.

மறுநாள் காலை வழக்கமான சோதனைக்கு வந்த மாட்டு டாக்டர் அலறினார். வேப்பமரத்தடியில் காளை சொட்டச்சொட்ட நின்று தும்மிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் சர்க்காரைச் சோம்பேறி என்று பழிப்பதை அன்றோடு விட்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் ஜீப் வந்தது. ஜீப்பில் பெரிய அதிகாரி வந்தார், ஆத்மநாதன் வந்தார், ஊசியும் கம்பளியும் வந்தன. பழைய கொட்டகை நிறைந்துவிட்டது என்று ஆத்மநாதன் சொன்னதும், காளைக்கு அங்கேயே தனிக் கொட்டகை கட்ட உத்தரவாயிற்று. பிளான் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பெரிய அதிகாரி ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கொத்தனாரும் அப்போதே கயிற்றை எடுத்துத் தரையில் பிடித்துவிட்டார்.

கொட்டகைக்குள்ளிருந்து குழந்தை வீரிட்டது.

“என்ன சத்தம்?” என்றார் பெரிய அதிகாரி.

“கன்னுக்குட்டிங்க சார்” என்றார் ஆத்மநாதன்.

அழகுமலை தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றார்.

“ஐயா, ஒரு சந்தேகமுங்க. இந்தக் காளை எந்த ஆபீசுல மனுக் குடுத்துச்சுங்க? சொன்னீங்கன்னா நானும் அங்கிட்டே போயிக் குடுத்துக்கிறேன்.”